துளையுள்ள சுவர்

2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றைத் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகப் பெருங்கற்கள் வெளிப்பட்டன. ஓரிரு நாள்களில் அவை ‘டைனோசர் முட்டைகள்’ என்ற பெயரோடு கைப்பேசிகள் வழியே தமிழகமெங்கும் பரவின. வந்து பார்த்த புவியியல் அறிஞர்கள், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் எனப்படும் கடல்வாழ் மெல்லுடலிகளைச் சுற்றித் திரண்ட படிவுக் கற்கள் என்று தெளிவுபடுத்தினார்கள். செய்தி அத்துடன் முடிந்துபோயிற்று. எங்கள் குழுவில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

அத்தகைய கல் உருவாகும் விதம் வியப்புக்குரியது. இறந்த உயிர் கடலடிச் சேற்றில் புதைகிறது. மென்பகுதி அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் வேதித்தன்மை மாறுகிறது; நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அவ்விடத்தில் படிந்து இறுகுகிறது. செத்த உடல் தன்னைச் சுற்றித் தானே ஓர் உறையை வரவழைத்துக்கொள்கிறது எனலாம். முட்டைக்கும் சுண்ணாம்பு ஓடுதான். ஆனால் கோழிமுட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஆக்சிஜன் உள்ளே செல்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. அத்துளைகளை மெழுகால் அடைத்துவிட்டால் கரு மூச்சுமுட்டி மடியும். வெளித்தோற்றத்தில் முட்டையையும் கல்லையும் ஊரார் குழப்பிக்கொண்டதில் வியப்பில்லை. வேறுபாடு துளையில் இருக்கிறது.

உயிருள்ள அணுக்களை ஒரு மெல்லிய உறைக்குள் இட்டு, வேறொருவர் உடம்பில் வைத்து, அங்கே அவை சாகாமல் வாழ்ந்து, அந்த உடம்புக்கு வேண்டியதைச் சுரந்து தரும்படி செய்ய முடியுமா? திசுப் பொறியியல், மீளுருவாக்க மருத்துவம் என்றெல்லாம் இன்று பேசப்படும் துறைகளின் ஒரு கிளை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக இக்கேள்வியுடன் மல்லுக்கட்டி வருகிறது. அதன் வரலாற்றைப் படித்தபோதெல்லாம் எங்களுக்குக் குன்னத்துக் கற்களே நினைவுக்கு வந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதைப்போல முட்டை செய்யப் போய்க் கல்லில் முடிந்த முயற்சிகள் அவ்வரலாற்றில் ஏராளம்.

*

முதலில் மண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்துள் அடங்கியவை. அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே திரும்ப இணைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் பிரிந்தது. கல்லுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்நிலத்தைக் கடல் மூடியிருந்தது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கின்றன.

1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இப்பகுதியிலும் புதுச்சேரி, விருத்தாசலம் பக்கத்திலும் சேகரித்த தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். 1857 முதல் 1860 வரை ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்நிலத்தை அளந்து, பாறை அடுக்குகளுக்கு ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார். அவற்றில் கிடைத்த கிளிஞ்சல்களையும் அம்மோனைட்டுகளையும் தொகுதி தொகுதியாக விவரித்து எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து, கல்கத்தாவில் வேலை பார்த்து, 1874இல் லடாக்கின் மலைப்பாதையில் உயிர்விட்டவர். அரியலூரின் நத்தைக்கும் சிப்பிக்கும் அவரளவுக்கு உழைத்தவர்கள் குறைவு. டைனோசர் எலும்புகளைப் பற்றி 1929இல் மேட்லி எழுதினார். 2009இல் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைத் தொகுதிகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அறிவித்தார்கள். குன்னத்து மக்கள் கற்களைக் கண்டதும் முட்டை என்று எண்ணியதற்கு இப்படியொரு முன்கதையும் இருந்தது.

சாத்தனூர்க் கல்மரத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குக் காட்டினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் பின்னாளில் அவரே. 18 மீட்டருக்குக் குறையாத நீளம். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். மரம் கல்லாவது என்றால், மண்ணுக்குள் ஊடுருவும் நீரிலுள்ள சிலிக்கா அணுச்சுவர்களில் ஊறி நிறைவது. கல்லான மரங்களைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் சுவர்களை அறை அறையாக எண்ண முடியும். குடியிருந்தவர் போய்விட்டார், வீடு அப்படியே நிற்கிறது.

இதே மண்ணில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உயிரும் மிகுதி. ஃபொராமினிஃபெரா என்று பெயர். துளைதாங்கி என்பது அச்சொல்லின் பொருள். ஒற்றை அணுவால் ஆன உயிர், தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு மாளிகை கட்டிக்கொள்கிறது. சுவரெங்கும் துளைகள், அவற்றின் வழியே தன் உடலை நூல் நூலாக வெளியே நீட்டி இரை தேடும். ஓர் உயிரணுவை உறையில் இடுவதற்கு இயற்கை தந்த முன்மாதிரி இதைவிடத் தெளிவாக வேறில்லை என்பது எங்கள் எண்ணம்.

*

மனிதர் கைவைத்த கதை 1933இல் தொடங்குகிறது. வின்சென்ஸோ பிஷேலியே என்ற இத்தாலியர் எலியின் புற்றுநோய் அணுக்களை ஒரு சவ்வுப்பைக்குள் இட்டுப் பன்றியின் வயிற்றுக்குள் வைத்தார். எலியின் அணு பன்றிக்கு அந்நியம். உறையின்றி வைத்திருந்தால் பன்றியின் நோயெதிர்ப்புப் படை அதைச் சில நாள்களில் அழித்திருக்கும். உறைக்குள் இருந்தவை பிழைத்தன. அதன் மருத்துவப் பயனை அப்போது எவரும் பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. 1950களில் அமெரிக்காவில் ஆல்ஜைர் என்பவர் சவ்வு பொருத்திய சிறு அறைகளில் திசுக்களை வைத்து, அவற்றைக் கொல்வது எது என்று பிரித்துப் பார்த்தார். எதிரி அணுக்கள் நேரில் வந்து தொட முடியாதபடி தடுத்தாலே திசு நெடுநாள் தாங்குகிறது என்று தெரிந்தது.

அடுத்து வருபவர் ஒரு மாணவர். தாமஸ் சாங், சீனாவில் பிறந்து கனடாவில் படித்தவர். 1957இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்தபோது, விடுதி அறையையே ஆய்வுக்கூடமாக்கி, வாசனைத் திரவியம் தெளிக்கும் குப்பி, கொலோடியன் ஆகியவற்றைக் கொண்டு செயற்கை அணு செய்யப் புறப்பட்டார். மெல்லிய சவ்வுக்குள் சிவப்பணுவின் உட்பொருளை அடைத்தார். சிறு மூலக்கூறுகள் நுழைந்து வெளியேறும். பெரியவை உள்ளேயே தங்கும். 1964இல் இது ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. உயிருள்ள அணுக்களையும் இப்படி உறையிட்டு நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று அவர் அந்நாள்களிலேயே எழுதினார். அவருக்கு முதலில் கைகொடுத்தது வேறொன்று: உறையிட்ட கரித்தூள், நஞ்சுண்டவர்களின் இரத்தத்தைத் தூய்மை செய்யப் பயன்பட்டது.

உயிரணுவை உறையிடுவதில் பெரிய தடை உறைப்பொருள். கொலோடியனைக் கரைக்கும் திரவங்கள் அணுவைக் கொன்றுவிடும். வெந்நீர் கூடாது, அமிலம் கூடாது, வீரியமான வேதிவினை எதுவும் கூடாது. பச்சைத் தண்ணீரில், உடற்சூட்டில், கணநேரத்தில் இறுகும் ஒன்று வேண்டும். அது கடலில் கிடைத்தது.

*

பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட்டைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1881இல் காப்புரிமை பெற்றவர் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரிட்டானிய வேதியியலாளர். பல் மருத்துவர் அச்செடுக்க வாயில் வைக்கும் பசையில் அது இருக்கிறது. துணியில் சாயம் அச்சிடும் கூழில் இருக்கிறது. அதன் கரைசலைச் சொட்டு சொட்டாகக் கால்சியம் குளோரைடு நீரில் விட்டால், ஒவ்வொரு சொட்டும் விழுந்த மாத்திரத்தில் ஜவ்வரிசி போல மணியாகிவிடும். ஆல்ஜினேட்டின் நீண்ட சங்கிலிகள் வளைந்து வளைந்து குழிகளை உண்டாக்க, கால்சியம் அயனிகள் அக்குழிகளில் போய் உட்கார்கின்றன. 1973இல் இதை விளக்கியவர்கள் இதற்கு ‘முட்டைப் பெட்டி’ மாதிரி என்று பெயரிட்டார்கள். முட்டையை விட்டு நாம் எங்கும் போய்விட முடியவில்லை.

இந்தப் பாசி நமக்கு அயலானதன்று. மன்னார் வளைகுடாவில் சர்காசத்துக்குக் கட்டக்கோரை என்றும் டர்பினேரியாவுக்குப் பக்கோடா என்றும் பெயர். இராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறைகளிலிருந்து பாசி பறித்து வருகிறார்கள். 1986இல் அத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே இழுபறி. அவர்கள் எடுக்கும் பாசி தொழிற்சாலைக்குப் போய்ச் சாயக் கூழாகவும் உணவுக் கெட்டிப்பானாகவும் மாறுகிறது. உடலுக்குள் வைக்கத்தக்க ஆல்ஜினேட்டுக்கு மிகக் கடுமையான சுத்திகரிப்பு வேண்டும். அந்தக் கலையில் பெயர்பெற்ற நாடு நார்வே. டிரோன்ஹெய்ம் நகரத்து ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் அதற்கே செலவிட்டார்கள். மூலப்பொருள் நம் கரையிலும் இருந்தும் அதன் விலைமிக்க வடிவம் வேறு கரையில் உருவாவது, தமிழக வரலாற்றைப் படித்தவர்களுக்குப் புதிய செய்தியன்று.

1980இல் ஃபிராங்க்ளின் லிம், ஆந்தனி சன் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையே இத்துறையின் உண்மையான தொடக்கம். கணையத்துக்குள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்தாம் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் உடலின் சொந்தப் படையே அவற்றை அழித்துவிடுகிறது. லிம்மும் சன்னும் எலியின் திட்டுகளை ஆல்ஜினேட் மணிகளில் பொதிந்து, மேலே பாலிலைசின் என்ற பொருளால் ஒரு மெழுக்குக் கொடுத்து, நீரிழிவு கண்ட எலிகளின் வயிற்றில் இட்டார்கள். உறையில்லாத திட்டுகள் ஏறத்தாழ ஒரு வாரம் வேலை செய்தன. உறையிட்டவை இரண்டு மூன்று வாரங்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தன.

கணக்கு எளிமையாகத் தோன்றியது. இன்சுலின் மூலக்கூறின் எடை சுமார் 5,800 டால்டன். அந்நியனைத் தாக்கும் எதிர்ப்பொருளின் எடை சுமார் 1,50,000. முன்னது நுழைய, பின்னது நுழையாத அளவில் துளை வைத்துவிட்டால் போதாதா? உணவும் சர்க்கரையும் உள்ளே வரும், இன்சுலின் வெளியே போகும், பகைவன் வாசலில் நிற்பான். பிறர் உறுப்பைப் பெற்றவர்கள் வாழ்நாளெல்லாம் விழுங்கும் எதிர்ப்புச்சக்தி ஒடுக்கும் மருந்துகள் தேவைப்படா. குழந்தைக்கு நாள்தோறும் நான்கு ஊசி போடும் தாய்மாருக்கு இந்த வாக்கியம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

1993இல் அமெரிக்காவில் பேட்ரிக் சூன்-ஷியோங் குழுவினர் முதல் வகை நீரிழிவுள்ள ஒருவருக்கு உறையிட்ட திட்டுகளை அளித்தார்கள். அவர் ஒன்பது மாதம் வெளியிலிருந்து இன்சுலின் இல்லாமல் இருந்தார் என்று 1994இல் ‘லான்செட்’ எழுதியது. அவர் முன்பே சிறுநீரகம் மாற்றிக்கொண்டு ஒடுக்கும் மருந்துகளில் இருந்தவர் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. 1996இல் நியூசிலாந்தில் எலியட் குழுவினர் பன்றிக்குட்டியின் திட்டுகளை உறையிட்டு ஒருவருக்கு அளித்தார்கள். அதனால் அவருக்குக் கிடைத்த இன்சுலின் குறைப்பு ஓராண்டளவில் மங்கிவிட்டது. ஆனால் ஒன்பதரை ஆண்டுகள் கழித்து அவர் வயிற்றைப் பார்த்தபோது சில உறைகளுக்குள் பன்றியின் அணுக்கள் இன்னும் உயிரோடிருந்தன. 2007இல் வெளியான இச்செய்தியை எங்களில் ஒருவர் படித்துக் காட்டியபோது சற்றுநேரம் எவரும் பேசவில்லை.

*

ஆனால் பெரும்பாலான உறைகள் திரும்பி வந்த கோலம் வேறு. வெளியே எடுத்தபோது அவை வெள்ளை நார் போர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உள்ளே அணுக்கள் செத்திருந்தன.

நடந்தது இதுதான். உடம்பு தன்னால் தின்ன முடியாத எந்த அந்நியப் பொருளையும் சுவர் வைத்து மூடும். முதலில் இரத்தப் புரதங்கள் அதன்மேல் ஒட்டுகின்றன. விழுங்கு அணுக்கள் வருகின்றன; விழுங்க முடியாதபோது பல சேர்ந்து ஒரே பேரணுவாகின்றன. பின்பு நாரணுக்கள் வந்து கொலாஜன் இழையை அடுக்கடுக்காய் நெய்கின்றன. சில வாரங்களில் நாம் செய்த துளையுள்ள சுவருக்கு வெளியே, உடம்பு செய்த துளையில்லாத சுவர் ஒன்று எழுந்துவிடும். இந்தக் கொலாஜனின் மூவிழை முறுக்கை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கொலாஜன் இருமுகம் கொண்டது. திசுப் பொறியியலார் அணுக்களுக்குக் கூடு கட்டித் தருவதும் அதைக்கொண்டுதான். அவர்களுடைய உறைகளைப் புதைத்துவிடுவதும் அதுவேதான்.

அணு பட்டினியை விட விரைவில் மூச்சுமுட்டிச் சாகிறது. உடம்பில் பெரும்பாலான அணுக்கள் இரத்த நுண்குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். லாங்கர்ஹான்ஸ் திட்டுகளோ கணைய எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருந்துகொண்டு, அதன் இரத்தத்தில் தம் பங்குக்குப் பன்மடங்கு மேலாகக் குடிப்பவை. பிறந்ததிலிருந்து செல்வமாக வளர்ந்தவை. அவற்றைத் திடீரென்று கடற்பாசி மணிக்குள் குடிவைத்து, வழிகிற ஆக்சிஜனில் பிழைத்துக்கொள் என்றால் நடக்குமா? போதாக்குறைக்கு, திணறும் அணுக்கள் கசியவிடும் பொருள்கள் வெளியே போய் மேலும் பகைவரைக் கூட்டி வருகின்றன. எதிர்ப்பொருளைத் தடுக்கும் அதே துளை, அதைவிடச் சிறிய நச்சுச் சைகைகளை உள்ளே விட்டுவிடுகிறது. இஸ்ரேலில் ஒரு குழுவினர் தினமும் ஆக்சிஜன் நிரப்பும் சிறு பெட்டியையே தோலுக்கடியில் வைத்துப் பார்த்தார்கள்.

உடம்பு அந்நியப் பொருளை மூடுவதற்கு நம் கடலில் அழகிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கொற்கை முத்தைப் பாடியவர்கள் நாம். அதன் பின்னே ஓர் உறையிடல் இருப்பதை நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் கண்ட அம்முறையில், சிப்பிக்குள் ஒரு மணியை மட்டும் வைப்பதில்லை. வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி மணியோடு ஒட்டி வைப்பார்கள். அத்துணுக்கின் உயிரணுக்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகி, முத்துப்பூச்சைச் சுரக்கின்றன. முத்தைத் தருவது ஏற்ற சிப்பி அன்று, கொடுத்த சிப்பியின் அணுக்கள். ஓர் உயிரின் திசு இன்னோர் உயிரின் உடம்பில் வேரூன்றி வேலை செய்யும் மாற்றுச் சிகிச்சை, அறுவைக் கத்தியோடு தமிழகக் கரையிலேயே நடந்திருக்கிறது. நம்முடையதைப் போல ஆளடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்யும் படை சிப்பிக்கு இல்லை. ஆகவே அதற்கு அது எளிது.

*

2015இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லாங்கர், ஆண்டர்சன் குழுவினர் எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். மணி சிறிதாக இருந்தால் நல்லது என்பதே அதுவரை எல்லோரும் நம்பியது. அரை மில்லிமீட்டர் மணிகளை விட ஒன்றரை மில்லிமீட்டர் மணிகளில் நார்ச்சுவர் மிகக் குறைவாகவே படர்ந்தது. எலிகளில் அவை 180 நாள் வரை வேலை செய்தன. மறு ஆண்டு, ஆல்ஜினேட்டின் 774 மாற்று வடிவங்களைச் சலித்தெடுத்ததில் உடம்பு அவ்வளவாகக் கண்டுகொள்ளாத சில கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்குள் இட்ட மனிதக் குருத்தணுவழித் திட்டுகள் எலியில் 174 நாள் சர்க்கரையைக் காத்தன. துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்த வழியில் பிறந்த ஓர் அமெரிக்க நிறுவனம் இரத்தம் உறையாமை நோய்க்கு உறையிட்ட அணுக்களை 2020இல் மனிதரிடம் சோதிக்கத் தொடங்கியது. மூவரோடு 2021இல் அது நிறுத்தப்பட்டது. ஒருவரிடமிருந்து திரும்ப எடுத்த மணிகளை நார் மூடியிருந்தது, உள்ளே உயிரில்லை. எலியின் வயிற்றில் முட்டையாக இருந்தது மனித வயிற்றில் குன்னத்துக் கல்லானது.

பின்பு 2025 மார்ச். அந்த ஒரே மாதத்தில் இரண்டு செய்திகள் வந்தன. கண்ணின் விழித்திரை நடுப்பகுதி மெல்லச் சிதையும் ஓர் அரிய நோய்க்கு, சுமார் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள குழலுறைக்குள் மனித விழித்திரை நிறமி அணுக்களை இட்டுக் கண்ணுக்குள் தைக்கும் சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. அணுக்கள் ஒரு காப்புப் புரதத்தைத் தொடர்ந்து சுரக்கின்றன. பார்வை இழப்பு மெதுவாகிறது. பிஷேலியேயின் பைக்கும் இதற்கும் இடையே 92 ஆண்டுகள். மற்றொரு செய்தி: குருத்தணுவிலிருந்து செய்த திட்டுகளை உறைக்கருவிக்குள் இட்டு நீரிழிவாளருக்கு வைத்த வெர்டெக்ஸ் நிறுவனம், போதிய இன்சுலின் சுரக்கவில்லை என்று அச்சோதனையைக் கைவிட்டது. அதே நிறுவனத்தின் உறையில்லாத திட்டுகளைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசியை விட்டார்கள் என்று சூன் மாதம் அறிவிப்பு வந்தது. அவர்கள் ஒடுக்கும் மருந்துகளை விழுங்கியாக வேண்டும்.

கண் வென்றதற்கும் வயிறு தோற்றதற்கும் எங்களுக்கு விளங்கிய காரணம் இது. கண்ணின் உட்புறம் நோயெதிர்ப்புப் படை அடங்கி நடமாடும் இடம். கண்ணுக்கு வேண்டிய மருந்தின் அளவும் துளியினும் துளி. நீரிழிவாளருக்கோ இலட்சக்கணக்கான திட்டுகள் வேண்டும், அத்தனையும் மூச்சுவிட வேண்டும்.

நம் பக்கத்தில் நடந்தவற்றில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சென்னையில் இந்திய-ஜப்பானிய ஒத்துழைப்பில் உருவான நிச்சி-இன் மீளுருவாக்க மருத்துவ மையம், குளிரில் நீராகவும் சூட்டில் கட்டியாகவும் மாறும் ஒரு கூழைப் பயன்படுத்துகிறது. நெய்க்கு நேர்மாறு. நோயாளியின் சொந்த அணுக்களை அதில் பொதிந்து குளிர்பெட்டியின்றி ஊர்விட்டு ஊர் அனுப்பலாம். சேருமிடத்தில் குளிரவைத்தால் அணுக்களை மீட்டுவிடலாம். விழிவெண்படல ஆய்வுகளில் இது பயன்பட்டது. கன்னத்து உட்சவ்வின் அணுக்களை இக்கூழில் பொதிந்து சிறுநீர்ப்பாதை அடைப்புக்குச் சிலருக்கு அளித்தும் பார்த்திருக்கிறார்கள். அவரவர் அணுவானதால் படையெடுப்பு இல்லை. உறை இங்கே கோட்டையாக இல்லாமல் வழிச்சோறு கட்டிய மூட்டையாக இருக்கிறது. கொள்ளிடம் தாண்டினால் தஞ்சைப் பக்கத்தில், சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் திசுப் பொறியியல் ஆய்வு நடக்கிறது.

இவற்றை எழுதும்போதே ஓர் எச்சரிக்கையும் தோன்றுகிறது. ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லை வைத்து எல்லா நோய்க்கும் தீர்வு விற்கும் விளம்பரங்களுக்கு நம் நகரங்களில் குறைவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு நிறுவப்பட்ட சிகிச்சை நீங்கலாக, மற்றவை முறையான மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்கலாம் என்கின்றன. சோதனை என்றால் அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. தொண்ணூறு ஆண்டுத் தோல்விகளை வரிசையாக எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்திரை வெயிலில் அரியலூர்ச் சிற்றூரில் இன்சுலின் குப்பியை எங்கே வைப்பது? குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மருத்துவர்கள் சொல்லும் வழி மண்பானை. ஈரமான பானைச் சுவரின் துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிக் குப்பியைக் குளிர வைக்கும். நம் குயவர்கள் அறிந்த இந்தச் சுவர் இன்றைக்கு நடைமுறையில் வேலை செய்கிறது. ஆய்வுக்கூடத்துச் சுவர் இன்னும் அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை.

சுவரே வேண்டாம் என்று ஒரு கட்சி இப்போது வளர்கிறது. 2024 டிசம்பரில் ஸ்வீடனின் உப்சாலாவில், நோயெதிர்ப்புப் படையின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய திட்டுகளை ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். ஒடுக்கும் மருந்து ஏதுமின்றி அவை உயிரோடிருந்து இன்சுலின் சுரப்பதாக 2025இல் அறிக்கை வெளியானது. அளவு குறைவு, அவர் ஊசியை விட்டுவிடவில்லை. அதற்கு உறை கட்சிக்காரர்கள் சொல்லும் மறுமொழி கவனிக்கத்தக்கது. படையின் கண்ணில் படாத அணு நாளை புற்றாக மாறினால் அதைப் பிடிப்பவர் யார்? உறைக்குள் இருப்பதை வேண்டாதபோது வெளியே எடுத்துவிடலாம். அந்த ஒரு வசதிக்காகவே மணி மணியாகச் சொட்டுவிடும் வேலையை இன்னும் பல ஆய்வுக்கூடங்கள் விடவில்லை.